பெரிய ஆர்சி விமானம் முரண்டு பிடித்தால்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

ரேடியோவால் ஓட்டும் பெரிய மாடல் விமானத்துக்கு மாறுகிறவர்கள் பலர் முதலில் வாங்குவது நான்கில் ஒரு பங்கு அளவு பைப்பர் ஜே-3 கப். மஞ்சள் உடம்பு, கறுப்பு மின்னல் கோடு, மேலே ஒரே நீள இறக்கை. அசல் விமானத்தின் இறக்கை 10.74 மீட்டர், மாடலுடையது ஏறக்குறைய 2.68 மீட்டர். 30 சிசி பெட்ரோல் இன்ஜினோடு எடை எட்டுக் கிலோவுக்கு முன்னே பின்னே வரும். அசல் கப் 1938-இல் வந்த பயிற்சி விமானம் என்பதால் மாடலும் சாதுவாக இருக்கும் என்று நினைப்பார்கள். சாதுதான். ஆனால் அதற்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. அதனால் இந்த விமானத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வதில் பெரும்பாலானவை எந்தப் பெரிய பெட்ரோல் மாடலுக்கும் பொருந்தும்.

கோளாறு என்றதும் நாலு இடத்தில் கை வைப்பதுதான் நம்முடைய முதல் தப்பு. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியையும் திருகி, பிளக்கையும் மாற்றி, பேட்டரியையும் நகர்த்தினால், சரியான பிறகும் எது காரணம் என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பி வரும். ஒரே அறிகுறிக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒரு எளிய சோதனையும் பெரும்பாலும் இருக்கும். முதலில் அந்தச் சோதனை, அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர்.

ப்ரொப்பல்லரைப் பற்றி ஒரு வார்த்தை. 18 அங்குல ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலை எடுத்துவிடும். இன்ஜின் ஓடும்போது ஊசி திருகுவதானால் பின்பக்கம் இருந்துதான். வாலை ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அல்லது கட்டியிருக்க வேண்டும். தொங்கும் துண்டு, அடையாள அட்டைக் கயிறு, லூசான சட்டைக் கை எதுவும் ஆகாது. சுற்றும் தளத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

பூட்டி முடித்தாயிற்று, சிஜி (ஈர்ப்பு மையம்) பொருந்தவில்லை

கப்பின் இறக்கை ஏறக்குறைய ஒரே அகலம், அதனால் கணக்கு சுலபம். நான்கில் ஒரு பங்கு மாடலில் அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 விழுக்காட்டுக்குள், அதாவது 10 முதல் 12 சென்டிமீட்டருக்குள் ஈர்ப்பு மையம் விழ வேண்டும். உங்கள் கிட்டின் கையேடு வேறு எண் சொன்னால் கையேடு சொல்வதுதான் கணக்கு. முதல் பறப்புக்கு அதிலும் முன்பக்க எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும். பெட்ரோல் தீரத் தீர மூக்கு இலேசாகி மையம் பின்னால் நகரும் என்பதால் காலி டேங்க்தான் மோசமான நிலை.

எட்டுக் கிலோவை இரண்டு விரலில் தூக்கிப் பார்ப்பது அளவே ஆகாது. ஆளுக்கொரு இறக்கை நுனி என்று இரண்டு பேர் குறித்த இடத்தில் பிடித்துத் தூக்குங்கள், அல்லது ஒரு ஸ்டாண்ட் செய்துகொள்ளுங்கள்.

கப்பின் மூக்கு குட்டை, அதனால் பலருக்கு வால்தான் தொங்கும். உடனே ஈயக் கட்டியைத் தேடாதீர்கள். இருப்பதை நகர்த்திப் பாருங்கள். 250 கிராம் பேட்டரி ஒன்றை 40 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுபோனால், எட்டுக் கிலோ விமானத்தில் மையம் ஒன்றேகால் சென்டிமீட்டர் முன்னே வரும். 250-ஐ 40-ஆல் பெருக்கி 8000-ஆல் வகுத்தால் போதும். ரிசீவர் (ரேடியோ சிக்னலை வாங்கும் பெட்டி) பேட்டரியையும் இக்னிஷன் (பிளக்குக்குப் பொறி தரும் அமைப்பு) பேட்டரியையும் இன்ஜின் தாங்கும் பலகையை ஒட்டி வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் போதவில்லை என்றால் ஈயம். அதையும் மூக்கின் நுனியில், திருகி அல்லது எபாக்சியால் ஒட்டி வையுங்கள். இரட்டைப்பக்க டேப் இன்ஜின் அதிர்வுக்கு ஒரு நாள் கூடத் தாங்காது.

அசல் கப்பிலும் மையத்தைப் பார்க்க வேண்டும், அங்கே தொல்லை எதிர்ப்பக்கம். தனியாக ஓட்டுகிற விமானி பின் இருக்கையில் உட்கார்ந்துதான் ஓட்டுவார். முன்னால் உட்கார்ந்தால் மையம் வேண்டியதைவிட முன்னே போய்விடும்.

பறந்த பிறகு மையத்தைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. நல்ல உயரத்தில் த்ராட்டிலை ஐடிலுக்குக் குறைத்து, மூக்கை மெல்லச் சாய்த்து இறங்கவிட்டு எலிவேட்டரிலிருந்து (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) கையை எடுங்கள். தானாகச் சட்டென்று மேலே நிமிர்ந்தால் முன்பாரம். மேலும் மேலும் செங்குத்தாகிக்கொண்டே போனால் பின்பாரம். மெதுவாக நிமிர்ந்தால் சரி, விட்டுவிடலாம்.

முதல் பறப்பிலேயே தொட்டதற்கெல்லாம் மூக்கு துள்ளுகிறது என்றால் பின்பாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்காமல் அகலமாக ஒரு சுற்றுச் சுற்றி, வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே இறக்குங்கள். அந்த நேரத்தில் ட்ரிம் பண்ண, அதாவது ரேடியோவில் நடுநிலையைத் திருத்த, முயல வேண்டாம்.

சர்வோ சும்மா இருக்கும்போதே முனகுகிறது

ரேடியோவின் குச்சி நடுவில் இருக்கிறது, ஆனாலும் ஒரு சர்வோ, அதாவது இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார், ரீங்கரிக்கிறது. சர்வோவை மடிப்போடு இணைக்கும் கம்பியான புஷ்ராடைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் சர்வோ நல்லது, இணைப்பில்தான் எங்கோ இறுக்கம். கீல் வளைந்திருக்கும், அல்லது கிளெவிஸ் (புஷ்ராடின் நுனிக் கவ்வி) ஹாரனில் (மடிப்பில் இருக்கும் சிறு கொம்பு) உரசும். கழற்றிய பிறகும் முனகினால் சர்வோவைச் சந்தேகியுங்கள். இரண்டு எலிவேட்டருக்கும் தனித்தனி சர்வோ வைத்து இரண்டையும் ஒரே கம்பியால் இணைத்திருந்தால், ஒன்றோடொன்று மல்லுக்கட்டி பேட்டரியைக் குடித்துவிடும். நடுவிலும் இரண்டு கடைசிகளிலும் இரண்டு சர்வோவும் ஒரே அளவு நகர்கிறதா என்று பாருங்கள்.

சர்வோ துடிப்பது இன்ஜின் ஓடும்போது மட்டும் என்றால் அது வேறு வியாதி. இக்னிஷனின் மின்பொறி ரேடியோ இரைச்சலாக ரிசீவருக்குள் நுழைகிறது. பிளக் மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா, வயரின் மேலுள்ள உலோகப் பின்னல் அறுந்திருக்கிறதா பாருங்கள். த்ராட்டில் இணைப்பு முழுக்க உலோகக் கம்பியாக இருக்கக் கூடாது. கார்பனும் மின்சாரம் கடத்தும் என்பதால் அதுவும் ஆகாது, நைலான் குழாயே நல்லது. இக்னிஷன் பெட்டி, அதன் பேட்டரி, சுவிட்ச் எல்லாம் ஒரு பக்கம், ரிசீவர் மறுபக்கம் என்று குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

குச்சி ஒரு பக்கம், எய்லரான் மறுபக்கம்

எய்லரான் என்பது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு. இதைத் தனித் தலைப்பாக வைக்கக் காரணம் என் அனுபவம். மைதானத்துக்குக் கொண்டுபோக இறக்கையைக் கழற்றி மாட்டியதில் இரண்டு எய்லரான் கனெக்டரும் இடம் மாறிவிட்டன. நான் எலிவேட்டரை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினைத் தட்டப் போனேன். பின்னால் நின்றிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, ஒருதரம் ரைட் குடு பாப்போம்” என்றார். கொடுத்தேன். வலது எய்லரான் கீழே போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அன்று அவர் கேட்காமல் இருந்திருந்தால் விமானம் தரையை விட்டுப் பத்தடி எழுந்திருக்காது.

வாலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். வலது கொடுத்தால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். குச்சியைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரடர் (வாலின் செங்குத்து மடிப்பு) வலது என்றால் வலதுபக்கம். இது ஒவ்வொரு முறை இறக்கை மாட்டிய பிறகும், அன்றைய முதல் பறப்பு என்றாலும் பத்தாவது என்றாலும்.

அப்படியே இறக்கைக்கு அடியில் இருக்கும் சாய்வுத் தாங்குகம்பிகளையும் பாருங்கள். சில கிட்களில் அவை வெறும் அலங்காரம், சிலவற்றில் சுமையைத் தாங்குவதே அவைதான். உங்களுடையது எது என்று கையேட்டில் தெரிந்துகொள்ளுங்கள். சுமை தாங்கும் வகையென்றால் ஒரு பின் குறைந்தாலும் பறக்கக் கூடாது.

இன்ஜின் கிளம்ப மாட்டேன் என்கிறது

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், ஈரமா காய்ந்ததா? பதில் அதில்தான் இருக்கிறது.

காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சோக் முழுதாக மூடுகிறதா, டேங்க் உள்ளே கிளங்க் குழாய் (நுனியில் எடையோடு பெட்ரோலை உறிஞ்சும் குழாய்) மடங்கியோ கழன்றோ கிடக்கிறதா பாருங்கள். மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் க்ளோ இன்ஜினுக்குப் போடும் சிலிக்கோன் குழாயைப் பெட்ரோலுக்குப் போட்டால் அது உப்பி, கொழகொழத்துப் போகும். பெட்ரோலுக்கென்று வரும் குழாய்தான் வேண்டும், டேங்க் மூடியின் ரப்பரும் அப்படியே. பல மாதம் சும்மா கிடந்த இன்ஜின் என்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் விறைத்திருக்கும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். அதனால் டேங்க்கில் விட்டுவைத்த பெட்ரோலை அடுத்த மாதம் ஓட்டப் பார்க்காதீர்கள், புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். 30-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 33 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில்.

ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை அல்லது அளவுக்கு மீறிக் குடித்துவிட்டது. பிளக்கை மூடியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி வைத்து, ப்ரொப்பல்லரைத் திருப்பிப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள், பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். பிளக் எங்கும் தொடாமல் அந்தரத்தில் இருக்கும்போது இக்னிஷனைச் சுட விட்டால் இக்னிஷன் பெட்டியே போய்விடலாம். பொறி இல்லையென்றால் முதலில் பேட்டரி வோல்டேஜ், அடுத்து சென்சார் வயர், அப்புறம் பிளக் இடைவெளி. அரை மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும்.

ஐடில் நன்றாக ஓடுகிறது, த்ராட்டில் கொடுத்தால் அணைகிறது

இரண்டு ஊசிகள் இருக்கும். எல் தாழ்ந்த வேகத்துக்கு, ஹெச் முழு வேகத்துக்கு. இரண்டையும் சுமார் ஒன்றரைச் சுற்றுத் திறந்து ஆரம்பிப்பது வழக்கம். த்ராட்டில் கொடுத்ததும் மூச்சடைத்த மாதிரி சட்டென்று அணைந்தால் எல் பக்கம் பெட்ரோல் குறைவு, எட்டில் ஒரு சுற்றுத் திறவுங்கள். குதூகலம் இல்லாமல் புகை கக்கி, இழுத்து இழுத்து வேகம் எடுத்தால் பெட்ரோல் அதிகம்.

தரையில் அருமையாக ஓடி, மேலே ஏறும்போது வேகம் தளர்கிறது என்றால் ஹெச் ஊசியில் பெட்ரோல் குறைவு. உச்ச வேகம் எங்கே வருகிறதோ அங்கிருந்து 200, 300 சுற்றுக் குறையும் வரை திறந்து வையுங்கள். காதுக்கு உச்ச வேகம்தான் இனிக்கும், ஆனால் மூக்கு தூக்கியதும் இன்ஜினை நிறுத்துவதும் அதே அமைப்புதான். ஐந்து நிமிடம் கழித்துத்தான் தளர்கிறது என்றால் சூடு. காற்று உள்ளே வரும் வாயைவிட வெளியே போகும் வழி இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். பலர் முன்வாயைப் பெரிதாக்குவார்கள், காற்று உள்ளே போய் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஓடுபாதையில் இடப்பக்கம் ஓடுகிறது

வால்சக்கர விமானம் இதைச் செய்யும். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு சமதரையில் நேராகத் தள்ளிவிடுங்கள். அப்போதும் இடப்பக்கம் போனால் சக்கரம் கோணல், அல்லது வால்சக்கரம் நடுவில் இல்லை. நேராகப் போனால் குற்றவாளி ப்ரொப்பல்லர். அதன் முறுக்குவிசையும், அது பின்னால் சுழற்றி அனுப்பும் காற்று வாலில் மோதுவதும் மூக்கை இடப்பக்கம் தள்ளும். மருந்து கையில்தான் இருக்கிறது. த்ராட்டிலை மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாகத் திறந்து, கூடவே கொஞ்சம் வலது ரடர் கொடுங்கள். ஆரம்பத்தில் எலிவேட்டரைப் பின்னால் இழுத்து வைத்தால் வால்சக்கரம் தரையைப் பிடிக்கும். வேகம் வர வரத் தளர்த்துங்கள். எய்லரானால் திருத்தப் பார்த்தால் ஒரு இறக்கை நுனி தரையைச் சீவும்.

ஆடி மாதத்தில் முதல் பறப்பு வேண்டவே வேண்டாம். அம்மியையே பறக்கவிடும் காற்று, அகன்ற இறக்கையுள்ள கப்பை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வலது எய்லரான் கொடுத்தால் மூக்கு இடப்பக்கம் போகிறது

கப்பின் பிரசித்தமான பிடிவாதம் இதுதான். கோளாறு என்று நினைத்து ரேடியோவை நோண்ட வேண்டாம். கீழே இறங்கும் எய்லரான் மேலே எழும் எய்லரானைவிட அதிகம் காற்றை இழுக்கும். நீள இறக்கையில் அந்த இழுப்பு எதிர்ப்பக்கமாக மூக்கைத் திருப்பிவிடும். மேலே 20 மில்லிமீட்டர், கீழே 10 என்கிற மாதிரி எய்லரானுக்கு டிஃபரன்ஷியல் (மேலே அதிகம், கீழே குறைவு என்கிற அசைவு) வையுங்கள். மிச்சத்தை ரடர் பார்த்துக்கொள்ளும், எய்லரானோடு ரடரையும் சேர்த்துக் கொடுக்கப் பழக வேண்டும். எய்லரானோடு ரடரும் தானாக அசையும்படி ரேடியோவில் மிக்ஸிங் போடலாம். நான் போட மாட்டேன், கை பழகாமலே போய்விடும்.

இறங்கும்போது மெதுவான வேகத்தில் ஒரு இறக்கை தொங்கினால் எய்லரானை இழுக்காதீர்கள், அந்த இறக்கை இன்னும் விழும். ரடர் கொடுத்து, கொஞ்சம் த்ராட்டிலும் கொடுங்கள்.

வானத்தில் ‘பர்ர்’ என்று ஒரு சத்தம்

இன்ஜின் சத்தத்துக்கு மேலே, துணி கிழிவது போல, அல்லது பெரிய வண்டு பறப்பது போல ஒரு சத்தம் கேட்டால் அது ஃப்ளட்டர். ஏதோ ஒரு எய்லரானோ எலிவேட்டரோ கட்டுமீறித் துடிக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் சோதனை, யோசனை எதுவும் கிடையாது. த்ராட்டிலை உடனே மூடுங்கள், மூக்கை மெதுவாக உயர்த்தி வேகத்தைக் குறையுங்கள், இறக்குங்கள். இரண்டு நொடி தாமதித்தாலே கீல் கழன்றுவிடும்.

இறக்கிய பிறகு “சத்தம் நின்னுடுச்சே” என்று மறுபடி ஏற்றாதீர்கள். சர்வோ கியர் பல் போயிருக்கும், ஹாரன் தளர்ந்திருக்கும், வெளியே தெரியாது. சர்வோவை ஆன் செய்து வைத்து எய்லரானின் பின்விளிம்பை விரலால் ஆட்டுங்கள். விளிம்பு ஆடும்போது சர்வோ ஆர்ம் அசையாமல் இருந்தால் ஆட்டம் கிளெவிஸிலோ ஹாரனிலோ இருக்கிறது. ஆர்மும் சேர்ந்து ஆடினால் சர்வோவுக்குள். நீளமான மெல்லிய புஷ்ராடு நடுவில் வளைகிறதா பாருங்கள். கீல் இடைவெளியை அடிப்பக்கம் டேப் ஒட்டி மூடுவதும் உதவும்.

ஒரு நொடி பேச்சுக் கேட்காமல் போகிறது

இது சிக்னலா, மின்சாரமா என்று பிரிக்க வேண்டும். எல்லாரும் சிக்னலைத்தான் திட்டுவார்கள், பாதிக்குப் பாதி பேட்டரியும் சுவிட்சுமாகத்தான் இருக்கும். பெரிய சர்வோக்கள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் சரியும். மூன்றரை வோல்ட் அளவுக்கு இறங்கினால் பல ரிசீவர்கள் அணைந்து மறுபடி எழும். எல்லாக் குச்சிகளையும் ஒன்றாக ஆட்டிக்கொண்டே வோல்டேஜைப் பாருங்கள். சட்டென்று சரிந்தால் பேட்டரி, சுவிட்ச், கனெக்டர் மூன்றில் ஒன்று. இந்த அளவு விமானத்துக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச் வைப்பது ஆடம்பரம் இல்லை.

வோல்டேஜ் அசையவில்லை என்றால் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் இரண்டு ஆன்டெனா முனைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பனுக்கும் உலோகத்துக்கும் தள்ளி இருக்க வேண்டும். ரேடியோவின் குறைந்த சக்தி நிலையில் 30 தப்படி தள்ளிப் போய் ரேஞ்ச் (சிக்னல் எட்டும் தூரம்) பாருங்கள், முதலில் இன்ஜின் அணைத்து, அப்புறம் ஓடவிட்டு. ஓடும்போது மட்டும் தடுமாறினால் மேலே சொன்ன இக்னிஷன் இரைச்சலுக்குத் திரும்புங்கள். சிக்னல் போனால் த்ராட்டில் மூடும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ரேடியோவை அணைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஃபெயில்சேஃப் இல்லாமல் சிக்னலை இழந்து முழு வேகத்தில் போகும் விமானம், பாய்ந்து வரும் எட்டுக் கிலோ மூட்டை.

இடத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 25 கிலோ வரையுள்ள, பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை ஆகியவற்றுக்கு மட்டுமான, கண்பார்வைக்குள் பறக்கும் மாடல்களைத் தனி வகையாக வைத்திருக்கின்றன. அதற்காக எங்கும் பறக்கலாம் என்று ஆகிவிடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இறங்கும்போது துள்ளுகிறது

வேகம் அதிகம். கப்பின் இறக்கை மெதுவாகப் பறக்கவே செய்யப்பட்டது, தரை பக்கத்தில் வந்த பிறகும் மிதந்துகொண்டே போகும். துள்ளியதும் எலிவேட்டரை முன்னால் தள்ளினால் அடுத்த துள்ளல் ப்ரொப்பல்லரில்தான். கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து அப்படியே பிடித்திருங்கள், தானாக உட்காரும். அல்லது மறுபடி சுற்றி வாருங்கள்.

நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் மூக்கை உடனே இறக்கி வேகத்தைக் காப்பாற்றுங்கள். ஓடுபாதைக்குத் திரும்பப் போதுமான உயரம் இல்லையென்றால் ஆள் இல்லாத பக்கம் நேராக இறக்குங்கள், சோளக்காடோ புதரோ பரவாயில்லை. குறைந்த உயரத்தில் திருப்பப் போய் இறக்கை சாய்ந்து விழுந்தவைதான் நான் பார்த்ததில் அதிகம்.

இறக்கி முடித்ததும், இன்ஜின் சூடு ஆறும் முன்பே, சைலன்சர் போல்ட்டைக் கையால் தொடாமல் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். முதல் நாலைந்து பறப்புக்கு அது தளர்ந்துகொண்டே இருக்கும். ப்ரொப்பல்லர் போல்ட்டும், இன்ஜின் மவுன்ட்டும் அப்படியே, மர ப்ரொப்பல்லர் என்றால் மரம் அமுங்குவதால் இன்னும் அதிகமாக. ஸ்பேனர் போடும் முன் இக்னிஷன் சுவிட்ச் ஆஃப்.